உபதேசியார் எழுதாமல் விட்ட வரிகள்

நான் ஒரு நாள்கூட வகுப்பெடுத்தது இல்லை. கோடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்து மூன்று வருஷம் டைப் அடித்தேன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த மலையில் எல்லாருக்கும் நான் டீச்சர். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். "டீச்சர் இல்லைங்க, டைப்பிஸ்ட்" என்றால் "சரிங்க டீச்சர்" என்பார்கள். விட்டுத் தொலைத்தேன்.

ரிட்டயராகி எட்டு வருஷம் கழித்து பங்குச் சாமியார் ஆள் விட்டுக் கூப்பிட்டார். கோயில் அலமாரியில் அடக்கப் பதிவேடுகள் கிடந்தன. இறந்தவர் யார், என்ன வயது, கல்லறைத் தோட்டத்தில் எந்த வரிசையில் அடக்கம் செய்தார்கள் என்று எழுதிவைக்கிற பெரிய நோட்டுகள். பாதியை ஈரம் தின்றிருந்தது, மீதியைப் பூச்சி தின்றுகொண்டிருந்தது. அந்தக் கையெழுத்தைப் படிக்க ஒரு மெஷினைப் பழக்கப்போகிறார்கள், அதற்கு முதலில் ஒரு ஆள் படித்து டைப் செய்துதர வேண்டும் என்றார். "உங்களை விட்டா யாரு இருக்கா டீச்சர்?" என்றார். புகழ்ச்சிக்கு மயங்குகிற ஆள் நான் இல்லை. ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஒரு நாள் இருந்தது. ஐப்பசி மழையில் மலை சரிந்து வத்தலக்குண்டு ரோடு அடைபட்டிருந்த வாரம் அது. கீழே போயிருந்த சாமியாரால் மேலே வர முடியவில்லை. எனக்கு ஜன்னி கண்டு, மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது. டூரிஸ்ட் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்: "நானே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துட்டேன். உள்ளதான் வச்சிருக்கு. வடக்கு வரிசை, சைப்ரஸ் மரத்துக்கிட்ட." சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்பது எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் இங்கே கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. சுவருக்கு வெளியே, வாட்டில் மரக் காட்டோரம் புதைப்பார்கள். ரோமாபுரியில் அந்தக் கெடுபிடியை எப்போதோ தளர்த்திவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தச் செய்தி மலையேறி வர நாளாயிற்று.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் அந்த சைப்ரஸ் மரத்தடியில் மெழுகுதிரி ஏற்றிவந்தேன். அங்கே சிலுவையும் கிடையாது, கல்லும் கிடையாது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. வீட்டுக்காரர் போய் ஏழு வருஷமாகிறது. அவர் சாகிற வரைக்கும் அந்த மரத்துப் பக்கம் என்னோடு வந்ததே இல்லை. வாசலில் காரில் உட்கார்ந்திருப்பார். ஆம்பளைகளுக்கு அழத் தெரியாது, அதனால்தான் என்று நினைத்துக்கொள்வேன். பதிவேட்டில் என் பிள்ளை இருக்கிறதா என்று ஒரு தரம்கூட யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே, அந்தப் பயம். இப்போது பதிவேடே என் மேஜைக்கு வருகிறது என்றால் எப்படி வேண்டாம் என்பேன்?

மெஷினைக் கொண்டுவந்தது மதுரையிலிருந்து வந்த ஒரு பெண். முப்பது வயதிருக்கும், இன்ஜினியர். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். நான் பதிலுக்கு பாப்பா என்று கூப்பிட்டேன், சரியாகப் போயிற்று. அவள் பக்கங்களைப் படமெடுத்து, கோடு போட்ட ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் படமாக வெட்டி என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். மேலே வரியின் படம், கீழே நான் டைப் செய்ய ஒரு கட்டம்.

"படிக்க முடியலைன்னா நட்சத்திரக் குறி போட்ருங்க ஆன்ட்டி. ஒண்ணுமே எழுதலைன்னா காலியா விட்ருங்க. நீங்களா எதையும் சேக்காதீங்க. நாம அதுக்குத் தனியா விதி எதுவும் சொல்லிக்குடுக்கல. நீங்க என்ன செய்றீங்களோ, அதப் பாத்துத்தான் அது பழகும்."

"நான் முப்பத்து மூணு வருசம் டைப் அடிச்சவ. எனக்கே பாடமா?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அந்த வால்யூம்கள் எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. அந்த நாளில் கோயில் கணக்குவழக்கெல்லாம் பார்த்த உபதேசியார். இடது பக்கம் சாய்ந்த எழுத்து, காகிதத்தின் ஓரம்வரைக்கும் நெருக்கி எழுதுவார். எட்டணாக் காகிதத்தைக்கூட வீணாக்காத மனுஷர். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம்வரை சாவுதான். குளிர் காய்ச்சல், பிரசவம், மரம் முறிந்து விழுந்தது, ஏரியில் மூழ்கியது. ஜன்னல் இடுக்கு வழியாக மேகம் உள்ளே வந்து மேஜைமேல் படுத்துக்கொள்ளும். விரலில் ஈரம் ஒட்டும். நாலைந்து மாதம் ஒருவர் கையெழுத்திலேயே கிடந்தால் என்ன ஆகும் தெரியுமா? அவர் அடுத்து என்ன எழுதப்போகிறார் என்று திருப்புவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். ஒரு நாள் மளிகைச் சீட்டு எழுதினேன், எழுத்து இடப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தது. சீ என்று கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது வால்யூமில் ஒன்று கவனித்தேன். எழுதிக்கொண்டே போகிறவர் நடுவில் திடீரென்று ஒரு வரியைக் காலியாக விட்டிருப்பார். அடுத்த வரியிலிருந்து வழக்கம்போல எழுதுவார். பத்துப் பக்கத்துக்கு ஒன்று, பதினைந்து பக்கத்துக்கு ஒன்று. காகிதத்தை வீணாக்காத ஆள் எதற்கு இப்படி விட வேண்டும்? கோயில்பிள்ளையிடம் கேட்டேன். மணியடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது எல்லாம் அவர் சோலி, வயதானவர்.

"அது சொவத்துக்கு வெளிய கெடக்குற பிள்ளைங்க டீச்சர்," என்றார். "ஞானஸ்நானம் இல்லாததுகள புத்தகத்துல எழுதப்புடாது. எழுதாம வுடவும் அந்த மனுசனுக்கு மனசு வரல. அதான் ஆளுக்கு ஒரு வரி எடம் விட்ருவாரு."

மறுநாள் உட்கார்ந்ததும் முதல் காலி வரியின் படம் வந்தது. மங்கலான இரண்டு நீலக் கோடு, நடுவில் வெறும் காகிதம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எத்தனை தாய்மார் வயிற்றெரிச்சல்! காகிதத்தில் எழுதத்தான் அவருக்குத் தடை. கம்ப்யூட்டரில் எழுத எனக்கு யார் தடை? கீழே கட்டத்தில் டைப் செய்தேன்: பெண் சிசு. வயது ஒரு நாள். அவசர ஞானஸ்நானம் பெற்றது. உள்ளே, வடக்கு வரிசையில் அடக்கம்.

அடுத்த காலி வரிக்கும் அதையே போட்டேன். அதற்கடுத்ததற்கும். ஒவ்வொரு தரமும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினது மாதிரி இருக்கும். நாலு வால்யூம் முடிவதற்குள் முப்பத்தெட்டு பிள்ளைகளைச் சுவருக்கு உள்ளே கொண்டுவந்துவிட்டேன். நான் செய்தது புண்ணியம் என்றே நினைத்தேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆவணியில் வடகவுஞ்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். தோட்டத்துப் பூண்டை ஒட்டன்சத்திரம் லாரியில் ஏற்றிவிட்டு, அப்படியே பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் மண். கோயில் புத்தகத்தையெல்லாம் டீச்சர் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எம்பிள்ள ஒண்ணு தவறிப் போச்சுங்க. புத்தகத்துல ஏத்திருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"எந்த வருசம்?"

"மலை சரிஞ்சு ரோடு அடைபட்டுச்சே, அந்த வருசங்க. அதே வாரம்."

அந்த வால்யூம் ஐந்தாவது. என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. இரண்டு வாரமாக அதைத் தொடாமல், பழைய வரிகளைச் சரிபார்க்கிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்காக அதைத் திறந்தால் என் பிள்ளையின் பக்கமும் திறக்கும். முடியவில்லை. திறக்கவே இல்லை. ஆம்பளையா பொம்பளையா என்றுகூடக் கேட்கவில்லை. வழக்கமாக டைப் செய்கிற அந்த வரியை அப்படியே பிரின்ட் எடுத்து நீட்டினேன். "இருக்கும்மா. ஞானஸ்நானம் குடுத்து, உள்ளதான் வச்சிருக்கு."

அவர் காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு நாலாய் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்று சொல்லிப் போனார். பையிலிருந்து ஒரு கை பூண்டு எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

புரட்டாசிக் கடைசியில் மதுரைக்காரி வந்தாள். மெஷின் பழகிவிட்டது, இனி அதுவே படிக்கும், ஆன்ட்டி சரிபார்த்தால் போதும் என்றாள். ஐந்தாவது வால்யூமை அவளே படமெடுத்தாள். நான் தடுக்கவில்லை. திரையில் பக்கம் வந்தது. மெஷின் ஒவ்வொரு வரியைச் சுற்றியும் பச்சைக் கட்டம் போடும், பக்கத்தில் எழுத்து வரும். உபதேசியார் சாய்த்து எழுதியதெல்லாம் நேராக நிமிர்ந்து வந்தது. எந்த எழுத்தில் சந்தேகமோ அதைச் சிவப்பாகக் காட்டும் என்றாள். மழை வாரத்துக்கு வந்தது. மலைச் சரிவில் செத்த இரண்டு கூலியாட்கள். ஒரு கிழவர். அதன் கீழே ஒரு வரி: பெண் சிசு. வயது ஒரு நாள். அவசர ஞானஸ்நானம் பெற்றது. உள்ளே, வடக்கு வரிசையில் அடக்கம்.

"ஆண்டவரே!" என்று கத்திவிட்டேன். நாற்பத்திரண்டு வருஷம்! இருக்கிறாள், புத்தகத்தில் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அழுகையும் சிரிப்புமாக வந்தது. பாப்பா பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள்.

அப்போதுதான் அடுத்த வரியைப் பார்த்தேன். பெண் சிசு. வயது ஒரு நாள். அவசர ஞானஸ்நானம் பெற்றது. உள்ளே, வடக்கு வரிசையில் அடக்கம்.

இரண்டு. ஒன்றின் கீழ் ஒன்று, எழுத்துப் பிசகாமல். ஒரு சிவப்புகூட இல்லை. கிழவரின் பெயரில் மூன்று எழுத்துக்குச் சந்தேகப்பட்ட மெஷின், இந்த இரண்டு வரிக்கும் சந்தேகமே படவில்லை.

புத்தகத்தை இழுத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். கிழவரின் வரி இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி இடம் காலி. ஒரு புள்ளிகூட இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், ஜன்னலுக்குத் தூக்கிப் பார்த்தேன். பேனா பட்ட தடமே கிடையாது. திரையில் அந்த வெறும் காகிதத்தைச் சுற்றி இரண்டு பச்சைக் கட்டம். யாரோ எனக்குப் பின்னால் நின்று என்னோடு சேர்ந்து படிக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லிக்கொள்கிறேன், வெட்கமில்லை. மேகம்தான் நின்றது.

"இது எப்படி ஆன்ட்டி வருது?" என்றாள் அவள். "ஒண்ணுமே எழுதலையே. அது தானா இப்படி ஒரு வாசகத்தை உண்டாக்காதுல்ல. எங்கேயோ பாத்திருக்கணும்." என்னுடைய பழைய வரிகளைத் தேட ஆரம்பித்தாள்.

"தேடாத," என்றேன். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. முப்பத்தெட்டு வரிகளையும் திரையில் வரிசையாகக் கொண்டுவந்தாள். அத்தனையும் பெண் சிசு. அத்தனையும் ஒரு நாள் வயது. ஒன்றுகூட ஆண் இல்லை. ஒன்றுகூட மூன்று நாள், பத்து நாள் இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முப்பத்தெட்டு தரமும் என் பிள்ளையையே எழுதியிருக்கிறேன். அதைத்தான் அந்த மெஷின் படித்துப் பழகி எனக்கே திருப்பிக் காட்டியிருக்கிறது.

காலி வரிக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றவில்லை. பயந்துபோய் நின்றிருப்பார், அதற்குள் மூச்சு நின்றிருக்கும். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார் பாவி மனுஷன். நான் நாற்பத்திரண்டு வருஷம் வெறும் மண்ணுக்கு மெழுகுதிரி ஏற்றியிருக்கிறேன்.

"என்ன செய்யட்டும் ஆன்ட்டி? நீங்க சொல்றதுதான்."

"எடுத்துரு. எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி பழக்கு."

நாலு நாள் ஆயிற்று. அதே பக்கத்தை மறுபடி ஓட்டினாள். கூலியாட்கள் வந்தார்கள். கிழவர் வந்தார். அதன் கீழே இரண்டு இடத்திலும் ஒன்றும் வரவில்லை. சரியாகத்தான் செய்தது. என் பிள்ளை இரண்டாம் தரம் செத்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதேன்.

இந்தக் கல்லறைத் திருநாளன்று வடக்கு வரிசைக்குப் போகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. உள்ளே சாமியார் கல்லறைகளை மந்திரிக்கிற சத்தம் கேட்டது. நான் சுவரைச் சுற்றிக்கொண்டு வாட்டில் காட்டோரம் போனேன். எங்கே என்று தேடுவது? அடையாளம் ஒன்றும் கிடையாது. செத்தை, சேறு, மேடும் பள்ளமுமாகத் தரை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பெரிதாக எதுவோ மூச்சு விட்டது. காட்டு மாடு ஒன்று நின்று என்னைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மேகத்துக்குள் போயிற்று. அது போன இடத்தில் இரண்டு மெழுகுதிரி எரிவது தெரிந்தது.

பக்கத்தில் குந்தியிருந்தது வடகவுஞ்சி அம்மா.

"அம்மா... நான் குடுத்த பேப்பர்..."

"வாங்க டீச்சர். பொய்யின்னு அன்னைக்கே தெரியுங்க," என்றார் அவர், சாதாரணமாக. "எனக்குப் பொறந்தது ஆம்பளப் பிள்ள. ஆறு நாள் இருந்தான். இங்கன குழி தோண்டயில நானும் கூடத்தான நின்னேன்."

"அப்புறம் ஏம்மா வாங்கிட்டுப் போனீங்க? கோவம் வரலையா?"

"எதுக்குக் கோவம்? இத்தன வருசத்துல எம்பிள்ளைக்காக ஒருத்தரு பொய்யாச்சும் எழுதுனாங்களேன்னு இருந்துச்சு."

நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு மெழுகுதிரி எதற்கு என்று கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"இது எம்பையனுக்கு. அது பக்கத்துக் குழிக்குங்க. நாங்க மண்ணு தள்ளிக்கிட்டிருக்கயில ஒரு டிரைவரு வந்தாரு, காக்கிச் சட்டை. தனியாளு. மழைன்னா மழை. கடப்பாரைகூட எங்கிட்டத்தான் வாங்குனாரு. பொம்பளப் பிள்ளைம்மா, ஒரு நாளுதான் இருந்துச்சு, தண்ணி ஊத்த எனக்குக் கையி வரலம்மான்னு சொல்லி அப்படி அழுதாரு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒரு ஆளும் வரல. அநாதையாக் கெடக்குதேன்னு வருசா வருசம் அதுக்கும் சேத்து ஒண்ணு ஏத்திருவேன்."

"அது எம்பிள்ள," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அது எம்பிள்ளைம்மா."

அவர் மண் ஒட்டிய கையால் என் கையைப் பிடித்து, இரண்டாவது மெழுகுதிரிக்குப் பக்கத்தில், ஈரத் தரைமேல் வைத்து அழுத்தினார்.

"நல்லாத்தான் தூங்குது டீச்சர். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."